பிறப்பு விகிதமும் செங்கம் சாலை வரிசையும்

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்தின் வாசலை ஒட்டி, முற்பகலில் ஒரு வரிசை சேரும். ஆசிரமத்துப் பந்தியில் இலை போடுவதற்கு முன்னால் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் அன்னம் கொடுப்பது அங்கே நெடுநாள் வழக்கம். வரிசையில் நிற்பவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். கையில் தூக்குவாளி, தோளில் ஒரு துணிப்பை, காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. காவி கட்டியவர்கள் எல்லாரும் துறவிகள் அல்லர். கட்டாதவர்கள் எல்லாரும் கைவிடப்பட்டவர்களும் அல்லர். விரும்பி வந்தவர்கள் உண்டு, வேறு போக்கிடம் இல்லாமல் வந்தவர்கள் உண்டு, இரண்டில் எது என்று அவர்களே சொல்லத் தயங்குபவர்களும் உண்டு. அதே சாலையிலிருந்து ரமண நகர் தெருக்களுக்குள் திரும்பினால் வேறொரு முதுமையைப் பார்க்கலாம்: லிஃப்ட் வைத்த அடுக்குமாடி வீடுகள், மாலையில் வேதபாராயணம் கேட்க ஆசிரமத்துக்கு நடந்து போகும் ஓய்வுபெற்ற தம்பதிகள், இரவில் வெளிநாட்டுப் பிள்ளைகளுடன் வீடியோ அழைப்பு. தமிழ்நாட்டின் மக்கள்தொகை எந்தத் திசையில் போகிறது என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு கிலோமீட்டரே போதும்.

எண்களும் அதையே சொல்கின்றன. மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறையின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரி இந்தியா முழுமைக்கும் 1.9, தமிழ்நாட்டில் 1.3. ஒரு தலைமுறை தன் இடத்தை அடுத்த தலைமுறையால் அப்படியே நிரப்பிக்கொள்ள வேண்டுமானால் இது 2.1 ஆக இருக்க வேண்டும். தமிழ்நாடு அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்னொரு பக்கம், 2021இல் மாநில மக்களில் 13.6 சதவீதமாக இருந்த அறுபது வயதுக்கு மேற்பட்டோர், 2031இல் 18.2 சதவீதமாக இருப்பார்கள் என்பது தேசிய மக்கள்தொகை ஆணையத்தின் தொழில்நுட்பக் குழு போட்ட கணக்கு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து முதுமை அதிகம் சேரப்போவது நம்மிடம்தான். ஆகவே கவலை மேடையேறிவிட்டது. 2024 அக்டோபரில் சென்னையில் அறநிலையத் துறை நடத்திய திருமண விழாவில் அப்போது முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின், மக்களவைத் தொகுதிகள் குறையும் நிலை வருகிறதே, நாமும் பதினாறு பிள்ளை பெற்றால் என்ன என்ற எண்ணம் வருகிறது என்று பாதி வேடிக்கையாகப் பேசினார். அதே மாதம் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு வேடிக்கை இல்லாமலே பேசினார். இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற விதியை அவருடைய அரசு அடுத்த மாதமே நீக்கியது. ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத் மூன்று பிள்ளை வேண்டும் என்றார். அரசியலில் எதிரும் புதிருமாக நிற்பவர்கள் ஒரே விஷயத்தில் ஒத்துப்போவது அபூர்வம். ஒத்துப்போகிறார்கள் என்பதற்காக அது சரியாகிவிடாது.

பிறப்பு குறைந்ததால் சமூகத்துக்குச் சிக்கல் வருமா என்று கேட்டால், வரும் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தச் சிக்கலின் வேர் பிறக்காத பிள்ளைகளிடம் இல்லை. முதுமையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் குடும்பத்தின் தலையில், குடும்பத்துக்குள் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு அரசும் சமூகமும் ஒதுங்கி நின்றன. பிள்ளைகள் நிறைய இருந்தவரை அந்தக் குறை கண்ணில் படவில்லை; இப்போது படுகிறது. குறையைச் சரிசெய்ய மனமில்லாதவர்கள் பெண்களைப் பார்த்து இன்னொரு பிள்ளை பெறச் சொல்கிறார்கள்.

செங்கம் சாலை வரிசையில் எழுபது, எழுபத்தைந்து வயதில் நிற்பவர்களின் தலைமுறை எப்போது பிள்ளை பெற்றது என்று யோசித்துப் பாருங்கள். 1970களின் நடுவிலிருந்து 1980களின் இறுதிக்குள். தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் 1971இல் 3.9, 1981இல் 3.4. அதாவது இன்று முதியோர் இல்லத்திலும் கோயில் வாசலிலும் நிற்கிற முதுமை, பிள்ளைகள் குறைந்த காலத்தில் உருவானதல்ல. வீட்டுக்கு மூன்றும் நான்கும் பிறந்த காலத்துப் பெற்றோர் இவர்கள். ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023ஆம் ஆண்டு முதுமை அறிக்கை, இந்தியாவின் முதியோரில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் நாட்டின் ஏழ்மையான ஐந்தில் ஒரு பங்கில் அடங்குகிறார்கள், 18.7 சதவீதத்தினருக்கு வருமானமே இல்லை என்கிறது. இவர்களும் பெரும்பாலும் நான்கு, ஐந்து பிள்ளைகளின் தலைமுறைதான். பிள்ளைகளின் எண்ணிக்கையே முதுமைக்குக் காப்பு என்றால் இந்தக் கணக்கு இப்படி வந்திருக்கக் கூடாது. கூலி வேலை செய்யும் மகன்கள் நாலு பேர் இருந்தும், தாய்க்கு மாதம் முந்நூறு ரூபாய் மாத்திரை வாங்கித்தர யார் முறை என்று சண்டை வருவது தமிழ்நாட்டில் யாருக்கும் புதிய செய்தி இல்லை. இருக்கிற பிள்ளையிடம் மிச்சம் பிடிக்க ஏதாவது இருந்தால்தான் அது பெற்றவர்களுக்கு வந்து சேரும்.

ரமணாசிரமத்தின் கதையே இதற்கு ஒரு சாட்சி. திருச்சுழி அழகம்மாளுக்கு மூன்று மகன்கள், ஒரு மகள். அந்தக் காலத்துக் கணக்கில் முதுமைக்குப் போதும் போதும் என்கிற அளவு பிள்ளைச் செல்வம். இரண்டாவது மகன் வேங்கடராமன் பதினாறு வயதில் 1896இல் வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்கு வந்து பின்னாளில் ரமணர் ஆனார். மூத்தவர் நாகசுவாமி இளம் வயதில் இறந்தார். கடைசி மகன் நாகசுந்தரமும் மனைவி இறந்தபின் துறவு பூண்டார். கணவனை இழந்த தாய், 1916இல் மகனைத் தேடி மலைக்கே வந்து தங்கினார். 1922இல் அங்கேயே இறந்தார். அவருடைய சமாதியைச் சுற்றி எழுந்ததுதான் இன்றைய ஆசிரமம். நாகசுந்தரத்தின் தாயற்ற மகனை வளர்த்தது யார்? அத்தை அலமேலு. பக்தர்களுக்கு இது வேறு விதமாகப் பொருள்படும், அது அவர்கள் உரிமை. ஆனால் குடும்பக் கணக்காகப் பார்த்தால் நாலு பிள்ளை பெற்ற ஒரு தாயின் முதுமைக்கு உத்தரவாதம் என்று எதுவும் இருக்கவில்லை. விதி எப்படி எப்படியோ போனபோது பாரத்தைத் தாங்கியது ஒரு பெண்ணின் கை.

இந்த ஊர்க் கோயிலும் பிள்ளைப் பேற்றைப் பற்றி இரண்டு குரலில் பேசுகிறது. கார்த்திகைத் தீபத் திருவிழாவில், வேண்டிக்கொண்டு பிள்ளை பெற்றவர்கள் கரும்பில் தொட்டில் கட்டிக் குழந்தையைச் சுமந்து மாட வீதி சுற்றுவார்கள். பிள்ளை வேண்டும் என்ற ஏக்கத்தின் கண்கூடான வடிவம் அது. மூன்று மாதம் கழித்து மாசி மகத்தன்று அதே அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய், பிள்ளையில்லாமல் இறந்த வல்லாள மகாராஜாவுக்கு மகனாக நின்று திதி கொடுக்கிறார். (வரலாற்றாசிரியர்கள் மூன்றாம் வல்லாளனுக்கு மகன் இருந்ததாகவே எழுதுகிறார்கள், ஊர் அதைப் பொருட்படுத்தவில்லை.) பெற்ற பிள்ளை இல்லாதவனின் கடனைத் தெய்வமும் ஊரும் சேர்ந்து தீர்க்கலாம் என்று ஆண்டுதோறும் திருவிழா எடுத்துச் சொல்லும் ஊரில், வாரிசு இல்லாதவர்களின் முதுமைக்குப் பொதுவில் ஏற்பாடு செய்வது நம் மரபுக்கு அந்நியம் என்று யாரும் வாதாட முடியாது.

தமிழ்நாடு இந்த இடத்துக்கு எப்படி வந்தது என்பதை மறந்துவிட்டால் எந்த வாதமும் தடம் புரளும். 1920களின் கடைசியிலிருந்தே பெரியார் கர்ப்பத்தடையை ஆதரித்துப் பேசியும் எழுதியும் வந்தார். அன்றைக்கு மற்றவர்கள் நாட்டின் வறுமை, பிள்ளைகளின் ஆரோக்கியம், குடும்பச் சொத்து என்று காரணம் சொன்னபோது, பெண்ணின் விடுதலைக்கு அது தேவை என்பதையே அவர் முதன்மைக் காரணமாக வைத்தார். பின்னால் வந்த அரசுகள் கர்ப்பத்தடையை எடுத்துக்கொண்டன, காரணத்தை விட்டுவிட்டன. 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்ற சுவர் எழுத்தும் சிவப்பு முக்கோணமும் பேசியது நாட்டின் சுமையைப் பற்றி. ஆனாலும் மக்கள் மனம் மாறியது சுவர் எழுத்தால் மட்டும் அல்ல. 1956இல் காமராசரும் 1982இல் எம்.ஜி.ஆரும் தொடங்கிய உணவுத் திட்டங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் உட்கார வைத்தன. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பிரசவத்தை வீட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தன. 1971இல் ஆயிரம் பிறப்புக்கு 113 சிசுக்கள் முதல் பிறந்த நாளைக் காணாமல் இறந்த மாநிலத்தில் 2020இல் அது 13. பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த வீட்டில்தான் இரண்டோடு நிறுத்தும் துணிச்சல் வரும். பத்தாவது, பன்னிரண்டாவது படித்த பெண் பத்தொன்பது வயதில் கழுத்தை நீட்ட மறுத்தாள். இந்த வெற்றிக்கு இன்று வருத்தப்படுவது என்றால், செத்துப்போகாத அந்தக் குழந்தைகளுக்கும் படித்த அந்தப் பெண்களுக்கும் சேர்த்து வருத்தப்பட வேண்டியிருக்கும்.

காரணத்தை விட்டுவிட்டதற்கு விலையும் கொடுத்தோம். தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு அரை சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆணுக்குச் செய்யும் சிகிச்சை எளிது, செலவும் ஆபத்தும் குறைவு என்பது எல்லா மருத்துவமனைச் சுவரிலும் எழுதியிருந்தும் கத்தி பெண்ணின் வயிற்றில்தான் பட்டது. அதைவிடப் பெரிய விலையைக் கொடுத்தது பெண் சிசுக்கள். இரண்டோடு நிறுத்த வேண்டும், அந்த இரண்டில் ஒன்றாவது ஆணாக இருக்க வேண்டும் என்ற கணக்கு ஸ்கேன் மையங்களைத் தேடிப் போனது. 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை மாவட்டத்தின் மொத்த மக்களில் ஆயிரம் ஆண்களுக்கு 994 பெண்கள். ஆறு வயது வரையிலான குழந்தைகளில் மட்டும் 930. அப்போதைய மாநில சராசரி 943. சிறு குடும்பத்தைக் குறை சொல்பவர்கள் இந்த எண்ணைச் சுட்டிக்காட்டுவது நியாயம்தான். ஆனால் அதிலிருந்து பெரிய குடும்பம் வேண்டும் என்ற முடிவுக்கு வர முடியாது. பெண்ணின் விருப்பத்தைக் கேட்காமல் எண்ணிக்கையைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதே அதில் தெரிகிறது. முன்பு குறைக்கத் துரத்தினோம், இப்போது கூட்டத் துரத்தப் பார்க்கிறோம். துரத்தப்படுகிறவள் மாறவில்லை.

கூட்டச் சொல்பவர்கள் பேச்சில் மட்டுமே தாராளமாக இருக்கிறார்கள் என்பதற்கு ஒரு வழக்கே போதும். தமிழ்நாட்டின் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகளைப் பெற்றவர், மறுமணத்துக்குப் பின் பிறக்கவிருந்த குழந்தைக்காக மகப்பேறு விடுப்புக் கேட்டார். இரண்டுக்கு மேல் விடுப்பு இல்லை என்ற அரசு விதி குறுக்கே நின்றது. உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி கொடுத்த சாதகத் தீர்ப்பை எதிர்த்து அரசே மேல்முறையீடு செய்து வென்றது. கடைசியில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம்தான், மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் ஒரு பகுதி என்று சொல்லி அவருக்கு நியாயம் வழங்கியது. திருமண மேடையில் பதினாறு பற்றிப் பேச்சு எழுந்து ஏழு மாதங்கள்தான் ஆகியிருந்தன. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு இருக்கிறது, பாராட்ட வேண்டிய விஷயம். அதுவும் இரண்டு பிள்ளைகளோடு சரி என்றுதான் விதி போடப்பட்டது. தனியார் துறைக்கான 2017ஆம் ஆண்டு மத்தியத் திருத்தச் சட்டமும் முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம், அதற்கு மேல் 12 வாரம் என்றது. ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்தச் சம்பளம் முழுவதையும் முதலாளியே கொடுக்க வேண்டும் என்பதால் புதிதாகத் திருமணமான பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்கும் நிறுவனங்கள் பல. வயலிலும் சித்தாள் வேலையிலும் இருக்கும் பெண்ணுக்கு அந்த 12 வாரமும் கிடையாது.

சரி, உரிமை ஒரு பக்கம் இருக்கட்டும், உழைக்க ஆள் வேண்டாமா என்பது அடுத்த கேள்வி. இது அலட்சியப்படுத்தக் கூடிய கேள்வி இல்லை. பிரான்சில் அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக உயர நூறாண்டுகளுக்கு மேல் பிடித்தது. ஜப்பானுக்கு 24 ஆண்டுகளே போதுமாயிருந்தன. நாம் ஜப்பானின் வேகத்தில், ஆனால் ஜப்பானின் பணமில்லாமல் மூப்படைகிறோம். உழைப்பவர் குறைந்து உண்பவர் பெருகினால் வரி வருமானம் சுருங்கும், மருத்துவச் செலவு வீங்கும், கடைகளில் விற்பனை மந்தமாகும் என்று பொருளியலாளர்கள் எச்சரிப்பது உண்மையே. ஆனால் இன்று பிறக்கும் குழந்தை சம்பளம் வாங்க இருபது, இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை அதுவும் உண்பவர் பட்டியலில்தான். 2031இல் வரப்போகும் 18.2 சதவீதத்தை இன்றைக்குத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளை தாங்க முடியாது. அதைத் தாங்க வேண்டியவர்கள் ஏற்கெனவே பிறந்துவிட்டவர்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். அந்தப் பெண்களில் பெரும்பகுதியினர் சம்பள வேலைக்கு வெளியே இருக்கிறார்கள்.

ஏன் வெளியே இருக்கிறார்கள் என்பதற்கு 2024ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில் விடை இருக்கிறது. சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் அதில் செலவிடுகிறாள். ஆண் 88 நிமிடம். பிள்ளையையும் முதியவரையும் பார்த்துக்கொள்ளும் நேரம் இதில் சேரவில்லை, அது தனி. இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறக்குறைய 43 சதவீதம் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்று பெருமைப்படுகிறோம். திருவண்ணாமலை மாவட்டத்திலேயே செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். விடியற்காலையில் கிராமத்து நிறுத்தங்களில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களைச் சுற்றுவட்டாரம் முழுக்கப் பார்க்கலாம். அவர்களில் ஒருத்திக்குக் குழந்தை பிறந்தால் என்ன நடக்கிறது? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆனால் பஸ்ஸில் ஒரு மணி நேரம் போகும் தாய் கைக்குழந்தையை இருட்டோடு தூக்கிப் போக முடியாது. ஊரில் இருக்கும் அங்கன்வாடியோ பிற்பகலோடு முடிந்துவிடுகிறது. மாமியாருக்கோ அம்மாவுக்கோ உடம்பு முடிந்தால் வேலை தொடரும், முடியாவிட்டால் நின்றுபோகும். இப்படிப்பட்ட நிலையில் அவள் ஒன்றோடு நிறுத்துவது சுயநலம் என்று மேடையில் சொல்பவர்கள், அங்கன்வாடியை மாலை ஆறரை மணி வரை நடத்த எவ்வளவு செலவாகும் என்று என்றாவது கணக்குப் போட்டிருப்பார்களா?

ஆள் பற்றாக்குறைக்கு இன்னொரு விடையும் நம் கண்முன்னே வேலை செய்துகொண்டிருக்கிறது. கிரிவலப் பாதை ஓட்டல்களின் அடுப்படியிலும் ரமண நகரைச் சுற்றி எழும் கட்டடங்களின் சாரத்திலும் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் கேட்கின்றன. வடக்கிலிருந்து வருபவர்கள் போதும், நமக்குக் கவலையில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். வடக்கிலிருந்து வருபவர்கள் நம்மை விழுங்கிவிடுவார்கள் என்று வேறு சிலர். இரண்டு பேரும் ஒரு எண்ணைக் கவனிக்கவில்லை. மேற்கு வங்கத்தின் பிறப்பு விகிதமும் நம்மைப் போலவே 1.3. பீகாரில்தான் இன்னும் 2.8, அதுவும் இறங்குமுகம். வெளியூர்த் தொழிலாளி என்றென்றும் மலிவாகக் கிடைக்கப்போவதில்லை. ஆகவே வந்திருப்பவர்களைத் தகரக் கொட்டகையில் வைத்து வேலை முடிந்ததும் அனுப்பிவிடும் பழக்கத்தை நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். அவர்களின் பிள்ளைகள் நம் அரசுப் பள்ளியில் தமிழ் படித்து, இங்கேயே நர்ஸாகவும் எலெக்ட்ரீஷியனாகவும் ஆவது தமிழ்நாட்டுக்கு லாபம். மாணவர் சேர்க்கையே இல்லாமல் 2025இல் இருநூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் மூடிக்கிடந்த மாநிலத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. தமிழ் அழிந்துவிடும் என்ற பயத்துக்கும் இதுவே பதில். ஒரு மொழியின் ஆயுள் அதைப் பேசுவோரின் கருப்பைக் கணக்கில் இல்லை. சொந்தப் பிள்ளைக்கே தமிழ் எழுதப் படிக்கக் கற்றுத்தராத வீடுகள் மூன்று பிள்ளை பெற்றாலும் தமிழுக்கு ஒன்றும் கூடப்போவதில்லை.

அரசியல்வாதிகளின் உண்மையான கவலை தொகுதி மறுவரையறை. இதில் தமிழ்நாட்டின் மனக்குறை முழுக்க நியாயமானது. 1962 தேர்தலில் 41 மக்களவை உறுப்பினர்களை அனுப்பிய மாநிலம் 1967 முதல் 39 பேரைத்தான் அனுப்புகிறது. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976இல் 42ஆம் திருத்தம் தொகுதிப் பங்கீட்டை உறையவைத்தது. 84ஆம் திருத்தம் 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை அதை நீட்டித்தது. தில்லி சொன்னபடி குடும்பக் கட்டுப்பாட்டை நிறைவேற்றிய மாநிலத்துக்கு அதனாலேயே குரல் குறைவது அநியாயம். நிதிப் பங்கீட்டிலும் அதே கதை: 15ஆவது நிதிக்குழு 1971க்குப் பதில் 2011 மக்கள்தொகையை எடுத்துக்கொண்டது. பிறப்பைக் குறைத்ததற்கென்று 12.5 சதவீத எடை தந்தும் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதத்தில் நின்றது. ஆனால் இதற்குப் பரிகாரம் அரசியல் சட்டத்தில் தேட வேண்டியது, பிரசவ அறையில் அல்ல. வரும் கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதற்குள் எத்தனை பிள்ளை பெற்று எந்தத் தொகுதியைக் காப்பாற்றுவது? உத்தரப் பிரதேசத்தோடும் பீகாரோடும் பிள்ளை பெறுவதில் போட்டி போட்டு நாம் ஜெயிக்கப்போவதில்லை, ஜெயிக்கவும் வேண்டியதில்லை. தொகுதிப் பங்கீட்டை இன்னும் ஒரு தலைமுறைக்கு உறையவைப்பது, மாநிலங்களவையை மாநிலங்களின் சம உரிமை அவையாக்குவது என்று வாதாட வேண்டிய வழிகள் இருக்கின்றன. அவற்றைச் சிரமமென்று விட்டுவிட்டுப் புதுமணப்பெண்ணிடம் தொகுதியை ஒப்படைப்பது தலைமைக்கு அழகில்லை.

காசு கொடுத்தால் பிள்ளை பிறக்குமா என்றும் உலகம் சோதித்துப் பார்த்துவிட்டது. தென்கொரியா 2006 முதல் 20,000 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. 2023இல் அதன் பிறப்பு விகிதம் 0.72, உலகிலேயே மிகக் குறைவு. அடுத்த ஆண்டு 0.75க்கு ஏறியதையே அங்கே செய்தியாகக் கொண்டாடினார்கள். ஹங்கேரி பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு வருமான வரி விலக்கு அளவுக்குப் போனது. சில ஆண்டுகள் ஏறிய விகிதம் திரும்ப இறங்கிவிட்டது. கொரியாவில் பணம் கொட்டியும் பலிக்காததற்கு முக்கியக் காரணம், நள்ளிரவு வரை அலுவலகமும் டியூஷனும் ஓடும் வாழ்க்கையில் பிள்ளை வளர்ப்பின் முழுச் சுமையும் தாயின் மேலேயே இருந்ததுதான். நாமும் அதே டியூஷன், அதே கட்டணப் பள்ளி, அதே போட்டித் தேர்வுப் பாதையில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். எல்.கே.ஜி. சேர்க்கைக்கே நகைக்கடன் வாங்கும் குடும்பத்திடம் போய் இன்னொன்று பெறுங்கள் என்றால் அது கேலி. இந்த இடத்தில் மட்டும் நான் கவலைப்படுகிறவர்களின் பக்கம் சேர்கிறேன்: இரண்டாவது பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டும், வாடகையும் பள்ளிக் கட்டணமும் பிரசவச் செலவும் பார்த்து ஒன்றோடு நிறுத்திக்கொண்டவர்களின் கதை உண்மையான இழப்பு. அந்த இழப்பைத் தீர்ப்பது அரசின் கடமை. அரசுப் பள்ளியைத் தனியார் பள்ளிக்கு ஈடாக்குவது, பணிநேரத்துக்கு ஏற்ற காப்பகம், மகப்பேறு விடுப்புச் சம்பளத்தில் அரசின் பங்கு ஆகியவை அதற்கான வழிகள். அதன்பின் அவர்கள் இரண்டு பெற்றாலும் சரி, ஒன்றும் பெறாவிட்டாலும் சரி.

முதுமைக்கு வருவோம், ஏனென்றால் விவாதம் முழுவதும் கடைசியில் அங்கேதான் முட்டி நிற்கிறது. பெற்றோர் பராமரிப்புக்கு 2007இல் ஒரு சட்டம் வந்தது. பிள்ளைகள் கவனிக்காவிட்டால் கோட்டாட்சியர் தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித்தர வழி உண்டு. பயன்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கூலிக்காரப் பிள்ளையிடமிருந்து தீர்ப்பாயம் எதை வாங்கித்தரும்? பிள்ளையே இல்லாதவருக்கு, சொத்தும் இல்லாதவருக்கு அந்தச் சட்டத்தால் என்ன பயன்? மிஞ்சுவது முதியோர் உதவித்தொகை. தமிழ்நாட்டில் 2023இல் அது 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அதை வாங்குவதற்குள் ஆதார், ரேஷன் அட்டை, இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர் என்று ஒரு நடை. ஆதரவற்றவர் என்று நிரூபிக்க வேண்டும். எங்கேயோ ஒரு மகன் இருக்கிறான் என்பதே மனுவுக்கு எதிராகப் போய்விடுகிறது என்பது தாலுகா அலுவலக வாசல்களில் காலங்காலமாகக் கேட்கும் குறை. பிள்ளை பெற்றதற்கு இங்கே கிடைக்கும் தண்டனை அது. கிரிவலப் பாதையோரம் வாழ்கிறவருக்கு நிலையான முகவரியே கிடையாது. அவர் மனுவின் முதல் கட்டத்தையே தாண்ட மாட்டார்.

மருத்துவத்தில் தமிழ்நாடு சரியான திசையில் ஒரு அடி வைத்திருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. அடுத்த அடி, படுக்கையில் விழுந்தவரைப் பார்த்துக்கொள்ள ஆள். அந்த வேலையைச் சம்பளமுள்ள, பயிற்சி பெற்ற அரசுப் பணியாக்கினால், இன்றைக்கு அதை இலவசமாகச் செய்துகொண்டிருக்கும் மருமகளுக்கும் மகளுக்கும் கை ஓயும், வேலை இல்லாத பலருக்கு வேலையும் கிடைக்கும். பணம் எங்கே என்பார்கள். பெண்கள் கூடுதலாகச் சம்பள வேலைக்கு வந்தால் வரும் வரி ஒரு வழி. மத்திய அரசு தன் பங்கை ஒழுங்காகக் கொடுப்பது இன்னொரு வழி. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத்தில் அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையிலானவருக்குத் தில்லி கொடுப்பது மாதம் 200 ரூபாய், எண்பதுக்கு மேல் 500. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த 200 அசையவே இல்லை. மூன்று பிள்ளை பெறச் சொல்லும் தலைவர் எந்தக் கட்சிக்காரரானாலும், மாநிலத்தில் இருந்தாலும் மத்தியில் இருந்தாலும், தேர்தலில் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும்போது இந்த 200 ரூபாயை எப்போது எவ்வளவாக உயர்த்துவீர்கள் என்று கேளுங்கள். அதற்கு நேரான பதில் சொல்கிறவருக்கு மட்டும் மக்கள்தொகை பற்றிப் பேசும் தகுதி இருக்கிறது.